மின்விசைக் கைக்கருவிகள்: துளைக்கருவி முதல் மின்கலம் வரை

மின்விசைக் கைக்கருவி என்பது கையில் பிடித்து வேலை செய்யும் அளவில் இருந்துகொண்டு, அந்த வேலைக்கான விசையைத் தசையிலிருந்து பெறாமல் மின்மோட்டாரிலிருந்து பெறும் கருவியாகும். துளையிடும் இயந்திரம், வட்ட ரம்பம், இழைப்பு இயந்திரம், திருகு முடுக்கி, கோணச் சாணை ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை. தச்சுப் பட்டறையிலும் கட்டட வேலையிலும் டிரில்லிங் மெஷின், கட்டர், கட்டிங் மெஷின் என்ற பெயர்களே வழங்குகின்றன. இக்கருவிகள் தோன்றி ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஆகின்றன. இவற்றின் வரலாற்றில் பெரும் மாற்றங்கள் இரண்டு முறை நேர்ந்தன. முதலாவது, மோட்டார் கைக்குள் வந்தது. இரண்டாவது, மின்கம்பி அறுந்தது. இரண்டாவது மாற்றம் இன்னும் முடியவில்லை.

மோட்டாருக்கு முன்

துளையிடுதல் மனிதனின் மிகப் பழைய தொழில்நுட்பங்களுள் ஒன்று. இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கரில் கிடைத்த புதிய கற்கால எலும்புக்கூடுகளில், உயிரோடிருந்தபோதே துளையிடப்பட்ட பதினொரு கடைவாய்ப் பற்கள் காணப்பட்டன. மணிகளில் துளையிடப் பயன்பட்ட கல்முனைகளே பற்களிலும் பயன்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். தமிழ்த் தச்சர்களின் துரப்பணமும் இதே மரபில் வந்த கருவிதான். தண்டில் கயிற்றைச் சுற்றி, அதை முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றுவார்கள். ஒரு கை இழுக்கும், மற்றொரு கை மேலிருந்து அழுத்தும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைக்கு நீராவி எந்திரம் வந்தபோதும் கைக்கருவி பெரிதாக மாறவில்லை. ஒரே பெரிய எந்திரம் கூரையை ஒட்டி ஓடும் நீண்ட தண்டைச் சுழற்றும். அதிலிருந்து தோல்பட்டைகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓட்டும். தோல்பட்டை எட்டும் இடத்தில்தான் இயந்திரம் நிற்க முடியும். ஆகவே துளையிட வேண்டிய பொருளை இயந்திரத்திடம் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. கப்பலின் பக்கத் தகட்டையோ பாலத்தின் உத்தரத்தையோ அப்படித் தூக்கிச் செல்ல இயலாது. அங்கெல்லாம் கையால் சுழற்றும் துளைக்கருவியே வேலை செய்தது. மின்கம்பியை எங்கும் இழுத்துச் செல்லலாம் என்ற நிலை வந்த பிறகே இயந்திரம் பொருளைத் தேடிப் போகத் தொடங்கியது.

மெல்போர்னும் ஸ்டுட்கார்ட்டும்

மின்துளைக் கருவிக்கான முதல் காப்புரிமையை 1889 ஆகஸ்ட் 20 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் ஆகிய இருவரும் பெற்றனர். ஆர்னட் ஸ்காட்லாந்தில் பிறந்த மின்பொறியாளர். அவர்களது கருவி பாறையிலும் நிலக்கரியிலும் துளையிடுவதற்கானது. அது கையில் பிடிக்கும் கருவி அன்று.

கையில் பிடிக்கும் முதல் மின்துளைக் கருவி 1895இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தது. வில்ஹெல்ம் எமில் ஃபைன் 1867இல் தொடங்கிய மின்கருவி நிறுவனத்தில் உருவான அது ஏழு கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. இரு பக்கமும் கைப்பிடிகளும் பின்புறம் மார்பால் அழுத்துவதற்கான தகடும் இருந்தன. கருவியைக் கையில் பிடிப்பது என்பதைவிட அதைக் கட்டிப்பிடித்துத் தள்ளுவது என்பதே பொருந்தும். ஆயினும் ஒரு சிறிய மோட்டாரைத் தொழிலாளியின் உடலோடு இணைத்த முதல் அமைப்பு அதுவே. அந்நிறுவனம் இன்றும் கருவிகள் செய்கிறது.

துப்பாக்கியின் வடிவம்

1910இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்னும் இரு நண்பர்கள் சிறு இயந்திரப் பட்டறை ஒன்றைத் தொடங்கினர். முதலீடு 1,200 டாலர். பிளாக் தம் மோட்டார் காரை விற்று 600 டாலர் தந்தார். டெக்கர் கடன் வாங்கி 600 டாலர் தந்தார். பால்புட்டி மூடி செய்யும் இயந்திரம், மிட்டாயைச் சாக்லேட்டில் தோய்க்கும் இயந்திரம் எனப் பிறர் கேட்டதையெல்லாம் செய்துகொடுத்தனர்.

அவர்கள் துளைக்கருவியை ஆராய்ந்தபோது குறை மோட்டாரில் இல்லை, பிடியில்தான் உள்ளது என்று கண்டனர். கனமான, சுழலும் பொருள் ஒன்றை இரு கைகளாலும் பிடித்திருப்பவர் அதை நிறுத்த வேண்டுமானால் ஒரு கையை எடுத்துச் சுவிட்சைத் தேட வேண்டும். துளைமுனை சிக்கிக்கொள்ளும் கணத்தில் கருவி கையை முறுக்கிவிடும். கோல்ட் கைத்துப்பாக்கியின் பிடியைப் பார்த்து அவர்களுக்குத் தீர்வு தோன்றியது. பிடியையும் சுட்டுவிரலால் இழுக்கும் விசையையும் ஒன்றாக்கினர். விரலை விட்டால் மோட்டார் நிற்கும். 1917இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று விற்கும் ஏறக்குறைய எல்லாத் துளைக்கருவிகளிலும் இந்தப் பிடியே உள்ளது. நூறாண்டுக்கு மேலாக மாறாத தொழிற்கருவி வடிவம் வேறு சிலவே இருக்கும்.

அவர்களது கருவியில் இருந்த மோட்டார் நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டம் இரண்டிலும் ஓடும் வகையைச் சேர்ந்தது. அப்போது ஊருக்கு ஊர் மின்னோட்ட வகை மாறுபட்டதால் இது அவசியமாக இருந்தது. தமிழ்நாட்டு வீடுகளின் மிக்ஸியில் சத்தமிடுவதும் இதே வகை மோட்டார்தான். சிறிய உருவில் மிகுந்த வேகம் தருவது அதன் சிறப்பு. தேயும் கார்பன் பிரஷ் அதன் குறை.

ரம்பமும் சாணையும்

மற்றக் கருவிகள் அடுத்தடுத்து வந்தன. 1920களில் எட்மண்ட் மிஷெல் என்பவர் லூசியானாப் பகுதியில் கரும்பு வெட்டும் தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு, வெட்டரிவாளில் மோட்டாரைப் பொருத்திப் பார்த்ததாக நிறுவன வரலாறு கூறுகிறது. கரும்புக்கு அது உதவவில்லை. ஆனால் அந்த முயற்சியிலிருந்து கையில் பிடிக்கும் வட்ட ரம்பம் பிறந்தது. அதைத் தயாரித்த நிறுவனமே பின்னாளில் ஸ்கில்சா எனப் பெயர் பெற்றது. கான்கிரீட்டை அடித்துக்கொண்டே துளையிடும் மின்சுத்தியலை 1932இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் வெளியிட்டது. அதிவேகக் கோணச் சாணை 1954இல் ஃபிளெக்ஸ் என்ற பெயரில் வந்தது. ஜெர்மன் மொழியில் கோணச் சாணையால் அறுப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லாகவே அப்பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் கிரைண்டர் என்றால் மாவரைப்பதே முதலில் நினைவுக்கு வருவதாலோ என்னவோ, நம் பட்டறைகளில் கட்டிங் மெஷின் என்ற பெயரே வென்றது.

இரண்டாம் உலகப் போர் வரை இவை தொழிற்சாலைக்கான பொருள்களாகவே கருதப்பட்டன. போர்க்கால ஆலைகளில் வேலை செய்தவர்கள் துளைக்கருவிகளை வீட்டுக்கு எடுத்துச் செல்வதாகப் புகார்கள் எழுந்தன. பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் இந்தத் திருட்டை ஒரு சந்தைச் செய்தியாகப் படித்தது. 1946இல் வீட்டுப் பயன்பாட்டுக்கென 17 டாலருக்கும் குறைந்த விலையில் சிறு துளைக்கருவியை விற்றது. உலோக உடலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் உடல் வந்ததும் மின்னதிர்ச்சி அபாயமும் குறைந்தது. கருவியின் மேல் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்பு உடையது என்று பொருள்; அதற்கு நிலத்தொடர்பு கம்பி தேவையில்லை. பிரிட்டனின் கட்டடத் தளங்களில் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் மஞ்சள் நிற மின்மாற்றிகள் வழக்கத்துக்கு வந்தன. அவற்றில் எந்த ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 55 வோல்ட் மட்டுமே இருக்கும்.

கம்பி அறுந்தது

1961இல் பிளாக் அண்டு டெக்கர் முதல் கம்பியில்லாத் துளைக்கருவியை வெளியிட்டது. உள்ளே இருந்தவை நிக்கல்-காட்மியம் மின்கலங்கள். அதன் ஆற்றல் மின்கம்பியுள்ள கருவியின் ஆற்றலில் சிறு பங்குதான். மரத்தில் சிறு துளைகள் போடலாம், அவ்வளவே.

கம்பியில்லாக் கருவியைக் கண்டுபிடித்தது நாசா என்று பலரும் எழுதுகின்றனர். இது தவறு, நாசாவே இதை மறுத்துள்ளது. கருவி கடையில் விற்பனைக்கு வந்த பிறகே விண்வெளித் துறை அதைத் தேடி வந்தது. எடையற்ற நிலையில் திருகைச் சுழற்றினால் திருகுக்குப் பதில் விண்வெளி வீரரே சுழல்வார். ஆகவே எதிர்விசை இல்லாத முடுக்கி ஒன்றை ஜெமினித் திட்டத்துக்காக உருவாக்கும் வேலை மார்ட்டின் மரியெட்டா வழியாக பிளாக் அண்டு டெக்கருக்கு வந்தது. பின்னர் அவ்விரு நிறுவனங்களும் நிலவில் துளையிடும் கருவியைச் செய்தன. அது வெள்ளி-துத்தநாக மின்கலத்தால் இயங்கியது.

அந்தக் கருவி எளிதில் வெற்றி பெறவில்லை. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவின் வெப்பத்தை அளக்கும் உணரிகளுக்காகத் துளையிட்டபோது, துளைத்தண்டின் இணைப்புகளில் மண் வெளியேற வழியின்றி அடைத்துக்கொண்டது. திட்டமிட்ட ஆழத்தை அவரால் எட்ட முடியவில்லை. மண்மாதிரி எடுப்பதற்காக 2.4 மீட்டர் வரை இறக்கிய குழாயை வெளியே இழுக்க அவரும் ஜேம்ஸ் இர்வினும் தோளைக் கொடுத்துப் போராடினர். தண்டின் வடிவம் திருத்தப்பட்டு அப்பல்லோ 16இல் துளை சரியாக விழுந்தது. ஆனால் ஜான் யங்கின் கால் கம்பியில் மாட்டி அது அறுந்துபோக, வெப்ப அளவீடே கைவிடப்பட்டது. கம்பியில்லாக் கருவி போட்ட துளையின் பயனை ஒரு கம்பி கெடுத்தது. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 பயணத்தில்தான் துளையும் அளவீடும் ஒருசேர அமைந்தன. இந்தப் பணியில் மோட்டாரின் ஆற்றலைச் சிக்கனப்படுத்தக் கற்ற பாடம், 1979இல் வந்த கையடக்கத் தூசி உறிஞ்சிக்குப் பயன்பட்டது.

கம்பியில்லாக் கருவியைத் தொழிலாளியின் அன்றாடக் கருவியாக்கியதில் ஜப்பானின் மகிதா நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1915இல் நகோயாவில் மின்மோட்டார்களை விற்றும் பழுதுபார்த்தும் தொடங்கிய நிறுவனம் அது. 1958இல் மின் இழைப்பு இயந்திரத்தின் வழியாகக் கருவித் தொழிலில் நுழைந்து, 1969இல் மின்னேற்றம் செய்யத்தக்க துளைக்கருவியையும், 1978இல் நிக்கல்-காட்மியம் மின்கலக் கருவியையும் வெளியிட்டது.

லித்தியமும் வோல்ட் கணக்கும்

நிக்கல்-காட்மியம் மின்கலம் முரட்டுத்தனமான பயன்பாட்டைத் தாங்கும். ஆனால் கனமானது, சும்மா வைத்திருந்தாலே மின்னேற்றத்தை இழக்கும். காட்மியம் நச்சு உலோகம். ஜப்பானின் டோயாமாப் பகுதியில் சுரங்கக் கழிவின் காட்மியம் வயல்நீரில் கலந்ததால் எலும்புகளை நொறுக்கும் இதாய்-இதாய் நோய் பரவியது நன்கு அறியப்பட்ட துயரம். ஐரோப்பிய ஒன்றியம் எடுத்துச்செல்லும் சாதனங்களில் காட்மியம் மின்கலத்தைத் தடுத்தபோதுகூடக் கம்பியில்லாக் கருவிகளுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கு 2016 முடிவில்தான் நீங்கியது.

லித்தியம்-அயனி மின்கலம் 1991இல் சோனி வழியாகச் சந்தைக்கு வந்தது. எனினும் கருவிகளுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. காரணம் எளிது. கேமராவுக்கும் மடிக்கணினிக்கும் மெதுவாக, நீண்ட நேரம் கொடுக்கும் மின்கலம் போதும். துளைமுனை கெட்டி மரத்தில் சிக்கும்போது கருவிக்கு ஒரே கணத்தில் பெரும் மின்னோட்டம் வேண்டும். அப்படி இழுத்தால் அன்றைய லித்தியம் மின்கலம் அளவுமீறிச் சூடேறும். 2003இல் போஷ் வெளியிட்ட இக்சோ என்னும் சிறு திருகு முடுக்கி ஒரு கலத்தோடு தொடங்கியது. 2005இல் மில்வாக்கி நிறுவனத்தின் 28 வோல்ட் வரிசை, பெரிய கருவிகளையும் லித்தியத்தில் ஓட்டலாம் என்று காட்டியது. அதே ஆண்டில் மகிதாவும் லித்தியம் கருவியைக் கொண்டுவந்தது. எதிர்மின்வாயிலும் நேர்மின்வாயிலும் பயன்படும் பொருள்களை மாற்றி, உள்தடையைக் குறைத்ததே இவற்றைச் சாத்தியமாக்கியது.

வாங்குபவரைக் குழப்பும் வோல்ட் கணக்கும் இங்கேதான் தொடங்கியது. லித்தியம்-அயனிக் கலம் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். முழுதாக மின்னேற்றிய உடன் சுமையின்றி அளந்தால் ஒரு கலம் 4 வோல்ட் அளவு காட்டும். ஐந்துக்கும் சேர்த்து 20. ஒரே மின்கலத் தொகுதியை ஒரு நிறுவனம் அமெரிக்காவில் 20 வோல்ட் என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் விற்கிறது. பெட்டியின் மேல் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து அதிகப் பணம் கொடுப்பவருக்கு அதிக விசை கிடைத்துவிடாது. மின்கலத்தின் கொள்திறனைக் காட்டும் ஆம்பியர்-மணி எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மோட்டாரிலும் இதே காலத்தில் மாற்றம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவான நியோடிமியம் காந்தம் மிகச் சிறிய உருவில் மிகுந்த வலிமை தந்தது. கார்பன் பிரஷ் செய்த வேலையை மின்னணுச் சுற்று ஏற்றுக்கொண்டது. சுழலும் பகுதியில் காந்தமும் நிலையான பகுதியில் கம்பிச்சுருளும் அமைந்ததால் உரசலும் தீப்பொறியும் இல்லை. வீடுகளில் பிஎல்டிசி மின்விசிறி என்று அறியப்படுவது இதே மோட்டார்தான். சுமை எவ்வளவு என்று சுற்று உணர்ந்து அதற்கேற்ற மின்னோட்டத்தை மட்டும் தருவதால், ஒரே மின்கலத்தில் கூடுதல் வேலை நடக்கிறது. துளைமுனை சட்டென்று சிக்கிக் கருவி மணிக்கட்டை முறுக்கத் தொடங்கும் கணத்தில் உணரிகள் அதைக் கண்டு மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடும் பல கருவிகளில் வந்துள்ளது. 1917இல் விரல் செய்த வேலையை இப்போது விரலைவிட விரைவாக மின்னணுச் சுற்று செய்கிறது.

கை கொடுத்த விலை

இத்தொழிலின் வரலாற்றைப் புதிய மாதிரிகளின் பட்டியலாக எழுதுவது வழக்கம். அந்தப் பட்டியலில் தொழிலாளியின் கை இடம்பெறுவதில்லை.

1918இல் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் இந்தியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டுச் சுண்ணாம்புக்கல் வெட்டுவோரை ஆராய்ந்தார். காற்றழுத்தச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை அவர் பதிவு செய்தார். இது வெண்விரல் நோய் எனப்படுகிறது. அதிர்வு விரலின் நுண்குழாய்களையும் நரம்புகளையும் சிதைப்பதால் வருவது. முற்றினால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல்தான் இதற்கு ஒரு வரம்பு வைத்தது. எட்டு மணி நேர வேலை நாளுக்குச் சராசரி அதிர்வு முடுக்கம் 2.5 அலகைத் தாண்டினால் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 அலகைத் தாண்டக் கூடாது. நோய் அறியப்பட்டதற்கும் அந்த ஆணைக்கும் இடையே 84 ஆண்டுகள் உள்ளன. தூசிக்கும் இதே கதைதான். கான்கிரீட்டை அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். காற்றில் கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற வரம்பை அமெரிக்கா 2016இல் விதித்த பிறகே, தூசி உறிஞ்சும் மூடியும் நீர்த்தெளிப்பும் அங்கே கருவியின் அங்கங்களாகத் தொடங்கின.

மேசை ரம்பத்தின் கதை இன்னும் கசப்பானது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டின்படி அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் மேசை ரம்பத்தின் பல் பட்டு மருத்துவமனைக்கு வருகின்றனர். ஏறத்தாழ 4,000 பேர் விரலை இழக்கின்றனர். இயற்பியல் படித்த காப்புரிமை வழக்கறிஞரும் தச்சு ஆர்வலருமான ஸ்டீபன் காஸ் 1999இல் ஒரு வழி கண்டார். ரம்பத் தட்டில் மெல்லிய மின்சமிக்ஞையை ஓட விட்டார். மரம் பட்டால் அதில் பெரிதாக மாற்றம் இல்லை. மனித உடல் பட்டால் சமிக்ஞை சட்டென்று குறையும். உடனே ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து ரம்பத்தின் பற்களில் கடித்துக்கொள்ளும். ஐந்து மில்லிநொடிக்குள் தட்டு நின்றுவிடும். தொத்திறைச்சித் துண்டை வைத்துப் பலமுறை காட்டிய பின், தம் விரலையே வைத்தும் காட்டினார். சிறு கீறல் மட்டும் விழுந்தது.

பெரிய நிறுவனங்களிடம் அவர் உரிமத்தை விற்க முயன்றார். எவரும் வாங்கவில்லை. விலை கூடும், ஈரமரத்தில் தவறாக நிற்கும், உரிமத் தொகை அதிகம் என்று சொல்லப்பட்டது. ஒரு மாதிரியில் இந்த அமைப்பைச் சேர்த்தால், அது இல்லாத மற்ற மாதிரிகளால் காயமடைந்தவர்கள் வழக்குத் தொடுப்பார்கள் என்ற அச்சமும் இருந்ததாகக் காஸ் தரப்பு வாதிட்டது. 2003இல் அவர் ஆணையத்திடம் மனு கொடுத்தார். 2004 முதல் சாஸ்டாப் என்ற பெயரில் தாமே ரம்பம் செய்து விற்றார். 2010இல் பாஸ்டன் நீதிமன்ற நடுவர் குழு, இந்த அமைப்பு இல்லாத ரம்பத்தால் காயமடைந்த ஒரு தொழிலாளிக்கு 15 லட்சம் டாலர் வழங்கச் சொன்னது. போஷ் வேறு விதமான நிறுத்தியோடு ஒரு ரம்பத்தை விற்கத் தொடங்கியபோது, காஸ் தரப்பு காப்புரிமையைக் காட்டி 2017இல் அதன் இறக்குமதியைத் தடுத்தது. பாதுகாப்புக்காகப் போராடியவரே மாற்றுப் பாதுகாப்பை அடைத்தார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. 2024இல் சாஸ்டாப், கட்டாய விதி நடைமுறைக்கு வந்தால் முக்கியமான ஒரு காப்புரிமையைப் பொதுவுக்கு விடுவதாக அறிவித்தது. முதல் மனுவுக்குப் பின் இருபது ஆண்டுகள் கடந்தும் அப்படியொரு விதி வரவில்லை.

மின்கலம் கட்டிய வேலி

இன்றைய தொழிலில் கருவியைவிட மின்கலமே வணிகத்தின் மையம். துளைக்கருவி, ரம்பம், சாணை, புல்வெட்டி, விளக்கு எனப் பத்துக் கருவிகளுக்கு ஒரே மின்கலம் பொருந்தும். ஆனால் ஒரே நிறுவனத்தின் கருவிகளாக இருக்க வேண்டும். இரண்டு மின்கலமும் ஒரு மின்னேற்றியும் வாங்கியவர் அடுத்த கருவியையும் அங்கேயே வாங்குவார். உள்ளே இருக்கும் உருளைக் கலங்கள் பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட பொது அளவு, அல்லது 21 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அடுத்த அளவுதான். வேறுபடுவது வெளிப்பெட்டியின் பள்ளமும் முனைகளும் கட்டுப்பாட்டுச் சுற்றும் மட்டுமே.

தொழிலின் உரிமையும் சில கைகளில் குவிந்துள்ளது. 1985இல் ஹாங்காங்கில் தொடங்கிய டெக்ட்ரானிக் நிறுவனம் 2005இல் மில்வாக்கியை வாங்கியது. 2010இல் ஸ்டான்லியும் பிளாக் அண்டு டெக்கரும் இணைந்தன. டிவால்ட் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கடையில் எதிரெதிர் நிறங்களில் நிற்கும் பல பெயர்களுக்குப் பின்னால் உரிமையாளர்கள் சிலரே.

வேலியைத் தளர்த்தும் முயற்சிகளும் உண்டு. 2018இல் ஜெர்மனியின் மெட்டாபோ முன்னெடுத்த கூட்டமைப்பில், பல நிறுவனங்களின் கருவிகள் ஒரே மின்கலத்தைப் பகிர்கின்றன. போஷ் தன் 18 வோல்ட் மின்கலத்தைப் பிற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. சந்தையின் முதல் வரிசையில் உள்ள மற்ற நிறுவனங்கள் இவற்றில் சேரவில்லை.

2020இல் லிக்டென்ஸ்டைனின் ஹில்டி நிறுவனம் கூரையில் துளையிடும் ஜெய்பாட் என்ற தானியங்கியை அறிமுகப்படுத்தியது. கட்டட வரைபடத்தின் எண்முறைப் பதிவைப் படித்துத் துளையிட வேண்டிய இடங்களைத் தானே கண்டறியும். தலைக்கு மேல் கை தூக்கி நாள் முழுதும் துளையிடும் வேலையிலிருந்து தோள்பட்டைக்கு விடுதலை தரும். பெரிய கட்டடங்களுக்கே அது கட்டுப்படியாகும். சிறு ஒப்பந்தக்காரரின் ஆள் இன்னும் ஏணியில் நின்றுதான் துளையிடுகிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு மின்கல ஒழுங்குமுறை, எடுத்துச்செல்லும் சாதனங்களின் மின்கலத்தைப் பயனரே கழற்றி மாற்றத்தக்கதாக அமைக்க வேண்டும் என்று கூறுகிறது. இது 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. கைக்கருவிகளின் மின்கலம் ஏற்கெனவே ஒரு பொத்தானை அழுத்தினால் கழன்றுவிடும். கழற்றியதை வேறு நிறுவனத்தின் கருவியில் மாட்ட முடியுமா என்பதைப் பற்றி அந்தப் பிரிவு எதுவும் சொல்லவில்லை.